சாவியும் வேண்டாம், செல்லும் வேண்டாம்

வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணி. டைடல் பார்க் சிக்னலில் சிக்கி, ஒருவழியாக வீடு வந்து சேர்ந்த ஒருவர் வாட்சைக் கழற்றி மேஜையில் வைக்கிறார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அதைத் தொடவில்லை என்று வைத்துக்கொள்வோம். அது 41 மணி நேரம் தாங்கும் ஆட்டோமேட்டிக் என்றால், ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிவாக்கில் நின்றுவிடும். 80 மணி நேரம் தாங்குவது என்றால், திங்கள் காலை அவர் கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போதும் ஓடிக்கொண்டிருக்கும். கண்டுகொள்ளாமல் விட்டாலும் செவ்வாய் விடியற்காலை ஐந்து மணிவரை ஓடும்.

முதலாவது, சீக்கோ 5 ஸ்போர்ட்ஸ் வரிசையில் 2024இல் வந்த எஸ்.என்.எக்ஸ்.எஸ். மாடல். முப்பதாயிரம் ரூபாய்க்குள் அடங்கும். இரண்டாவது, டிஸ்ஸோ பி.ஆர்.எக்ஸ். பவர்மேட்டிக் 80. அதன் விலை முன்னதைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டும். செல் போடத் தேவையில்லை, தினமும் சாவி கொடுக்கவும் தேவையில்லை. கை அசைகிற அசைவிலேயே உள்ளே இருக்கும் அரைவட்டத் தகடு சுழன்று ஸ்பிரிங்கை முறுக்கிக்கொள்ளும். இரண்டுமே அரை நூற்றாண்டுக்கு முந்தைய முகத்தோடு வருகிற புது வாட்ச்கள். தரமணி, பெருங்குடி, துரைப்பாக்கம் என்று ஐ.டி. கட்டடங்கள் வரிசை கட்டி நிற்கும் பகுதியில், முதல் ஆட்டோமேட்டிக் வாங்க நினைக்கிற ஒருவரின் பட்டியலில் அநேகமாக இந்த இரண்டும் இருக்கும். நேரம் பார்க்க செல்போன் இருக்கிறது, நடந்த அடிகளை எண்ண ஸ்மார்ட் வாட்ச் இருக்கிறது. பிறகு எதற்கு இது என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

பதிலில் பாதி தமிழ்நாட்டின் வாட்ச் கதையில் இருக்கிறது. 1961இல் பெங்களூருவில் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கைகோத்து ஹெச்.எம்.டி. வாட்ச் தயாரிக்கத் தொடங்கியது. அங்கே செய்த முதல் தொகுதியை வெளியிட்டவர் ஜவஹர்லால் நேரு. ஜனதா, பைலட், கோஹினூர், சோனா என்று அடுத்தடுத்து வந்த பெயர்கள் நம் அப்பாக்கள், தாத்தாக்களின் மணிக்கட்டில் இருந்தவை. பெரும்பாலும் காலையில் எழுந்ததும் சாவி கொடுக்கிற ரகம். ஆட்டோமேட்டிக் என்பது ஒரு படி மேல். காஞ்சன் என்ற மாடல் கல்யாண மாப்பிள்ளைக்கு வாங்கித் தருகிற வாட்சாகவே பேர் வாங்கியது. கிராக்கி மிஞ்சிப்போய், அச்சிட்ட விலைக்கு மேல் கொடுத்து வாங்கியவர்கள் உண்டு.

ஹெச்.எம்.டி.யை வீழ்த்தியதில் தமிழக அரசுக்கும் பங்கு உண்டு. தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் டாடா குழுமமும் சேர்ந்து 1984இல் தொடங்கிய நிறுவனம்தான் டைட்டன். ஓசூரில் ஆலை. செல் போட்டு ஓடும் குவார்ட்ஸ் வாட்ச்தான் எதிர்காலம் என்று முடிவு கட்டிக்கொண்டு இறங்கினார்கள். அந்தக் கணக்கு பலித்தது. ஹெச்.எம்.டி.யும் குவார்ட்ஸ் செய்து பார்த்தது. ஆனால் அதன் பலம் இயந்திர வாட்சில் இருந்தது, சந்தை அங்கே இல்லை. 2016 ஜனவரியில் ஹெச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. டைட்டனில் டிட்கோவின் பங்கு இன்றும் 27.88 சதவீதம். 2000 ஜூலையில் தரமணியில் திறந்த டைடல் பார்க்கும் இதே டிட்கோ, எல்காட்டோடு சேர்ந்து கட்டியதுதான். இன்னொரு வேடிக்கையும் உண்டு. இயந்திர வாட்சைக் கடைத்தெருவிலிருந்து விரட்டிய டைட்டனே, இன்று தன் ஹீலியோஸ் கடைகளில் சீக்கோவையும் டிஸ்ஸோவையும் அடுக்கி வைத்து விற்கிறது. அந்த லாபத்திலும் அரசுக்கு ஒரு பங்கு போகிறது.

சீக்கோ இந்த ஊருக்குள் வந்த பாதை வேறு. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் பிழைப்புக்காக 1969இல் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே வரிசையாகக் கடைகள் போட்டுக் கொடுத்தார்கள். அதுதான் பர்மா பஜார். வெளிநாட்டுச் சாமான்களுக்குக் கெடுபிடி இருந்த காலத்தில் டேப் ரெக்கார்டர், சென்ட் பாட்டில், சீக்கோ வாட்ச் எல்லாம் அங்கே கிடைக்கும் என்பது ஊரறிந்த ரகசியம். துபாய், சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் கையிலும் ஒரு சீக்கோ 5 இருக்கும். வளைகுடாவிலிருந்து வந்தவற்றில் கிழமை பாதி ஆங்கிலத்திலும் பாதி அரபியிலும் அச்சாகியிருக்கும். நள்ளிரவு தாண்டியதும் முதலில் ஒரு மொழி, சற்று நேரத்தில் இன்னொரு மொழி என்று மாறும். அரபி வேண்டாம் என்றால் சாவியை இழுத்துத் திருகி ஆங்கிலத்துக்கு நகர்த்திக்கொள்ள வேண்டும். பழைய சீக்கோ 5 வைத்திருக்கும் வீடுகளில் இது தெரியாதவர்கள் குறைவு.

அந்த 5 என்ற எண் 1963இல் ஜப்பானில் வெளிவந்த ஸ்போர்ட்ஸ்மேட்டிக் 5 என்ற வாட்சோடு பிறந்தது. தானே முறுக்கிக்கொள்ளும் மெஷின், ஒரே சன்னலில் கிழமையும் தேதியும், தண்ணீர் தாங்கும் உடல், நான்கு மணிப் பக்கமாக ஒதுங்கிய சாவி, எளிதில் கெடாத கேஸும் செயினும் என்று ஐந்து உறுதிகளுக்கான எண் அது. சாவி நான்கு மணிக்குப் போனதற்கும் காரணம் உண்டு: தினமும் திருக வேண்டிய தேவை இல்லாத சாவி, புறங்கையைக் குத்தாமல் ஒதுங்கிக்கொள்ளட்டும் என்பதுதான். உள்ளே இருக்கும் மேஜிக் லீவர் என்ற சின்னஞ்சிறு கொக்கி அதற்கும் நான்கு ஆண்டு மூத்தது, 1959இல் வந்தது. தகடு எந்தப் பக்கம் சுழன்றாலும் ஸ்பிரிங்கை ஒரே திசையில் முறுக்கும் வேலையை மிகக் குறைந்த உதிரிகளோடு அது செய்கிறது. அறுபது ஆண்டுக்குப் பிறகும் சீக்கோ அதைக் கைவிடவில்லை.

புது எஸ்.என்.எக்ஸ்.எஸ். இந்த வம்சத்தில் நேர் வாரிசு. 37.4 மில்லிமீட்டர் விட்டம், சாவி அதே நான்கு மணியில், கிழமையும் தேதியும் அதே மூன்று மணிச் சன்னலில். பழைய எஸ்.என்.எக்ஸ்.எஸ். வாட்சில் இருந்தது 7எஸ்26 என்ற மெஷின். அதற்குக் கையால் சாவி கொடுக்க முடியாது. நின்றுபோனால் ஆட்டி ஆட்டிக் காதில் வைத்துப் பார்க்க வேண்டியதுதான். புதியதில் இருப்பது 24 ஜுவல்ஸ் கொண்ட 4ஆர்36. இதற்குச் சாவி கொடுக்கலாம். சாவியை இழுத்தால் விநாடி முள் நிற்கும், ஆக வானொலிச் செய்தியின் ‘பீப்’ சத்தத்தோடு நேரத்தைச் சரிசெய்து விடலாம். மாற்றம் அவ்வளவுதான். இது பழமையைத் தேடிப் போய் எடுத்து வந்த வாட்ச் இல்லை. நிற்காமல் வந்துகொண்டே இருந்த ஒன்று.

டிஸ்ஸோவின் பூர்வீகத்தில் ஒரு சின்ன முரண் இருக்கிறது. பி.ஆர்.எக்ஸ். முதன்முதலில் வந்தது 1978இல். அன்று அதற்குள் ஓடியது குவார்ட்ஸ் மெஷின்!

1969 கிறிஸ்துமஸ் நாளில் டோக்கியோவில் சீக்கோ அஸ்ட்ரான் என்ற உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு வைத்தது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தின் வாட்ச் பட்டறைகள் நூற்றுக்கணக்கில் மூடப்பட்டன. தப்பிப் பிழைத்த சுவிஸ் நிறுவனங்களும் குவார்ட்ஸுக்கு மாறியாக வேண்டிய கட்டாயம். அந்த நெருக்கடியில் பிறந்ததுதான் பி.ஆர்.எக்ஸ். துல்லியத்துக்கு ஒரு எழுத்து, உறுதிக்கு ஒரு எழுத்து, பத்து வளிமண்டல அழுத்தம் தாங்குவதற்கு ரோமானியப் பத்து. 2021இல் அதை மறுபடி கொண்டு வந்தபோது முதலில் வந்தது பழையபடி குவார்ட்ஸ்தான். அதே ஆண்டில் சில மாதம் கழித்து ஆட்டோமேட்டிக் வந்தது, வந்த வேகத்தில் டிஸ்ஸோவின் முகமாகவே ஆகிவிட்டது. ஆக, பழமைக்காக இதை வாங்குகிறவர், அந்தப் பழைய வாட்சில் இல்லாத மெஷினுக்காக அதிகப் பணம் கொடுக்கிறார். வடிவத்துக்கும் ஒரு பெரிய வீட்டுச் சாயல் உண்டு. 1972இல் ஜெரால்ட் ஜென்டா ஓடமர் பிகே நிறுவனத்துக்காக வரைந்த ராயல் ஓக் தொடங்கிவைத்த பாணி இது: கேஸும் செயினும் ஒரே வார்ப்பு போல ஒட்டி, விளிம்புகள் கூர்மையாக. டயலில் சிறு சிறு கட்டங்களாகப் புடைத்திருக்கும் வேலைப்பாடும் அதே வாடைதான். அந்த வாட்சின் விலையில் சென்னைப் புறநகரில் ஒரு மனை வாங்கலாம் என்பதால் பி.ஆர்.எக்ஸ். மீது பலருக்கும் ஒரு பரிவு.

கடையில் இரண்டையும் அடுத்தடுத்துக் கட்டிப் பார்த்தால் முதலில் தெரிவது கைப்பாங்கு. 40 மில்லிமீட்டர் பி.ஆர்.எக்ஸ். எண்ணில் காட்டுவதைவிடப் பெரிதாக உட்காரும். செயினின் முதல் கண்ணி உடனே கீழே வளையாமல் கொஞ்சம் நீட்டிக்கொண்டு நிற்பதுதான் காரணம். ஒல்லியான மணிக்கட்டில் இரண்டு ஓரமும் வெளியே துருத்தும். அதற்காகவே 35 மில்லிமீட்டர் ஆட்டோமேட்டிக்கையும் 2023இல் கொண்டு வந்தார்கள். நம்மூர்க் கைகளில் பலவற்றுக்கு அதுதான் அளவு. சீக்கோ தடிமனில் கொஞ்சம் கூடுதல், 12.5 மில்லிமீட்டர் வரும். டிஸ்ஸோ 11க்குள் முடிந்துவிடும், முழுக்கைச் சட்டையின் கஃபுக்குள் சறுக்கிக்கொண்டு போகும்.

அடுத்தது தொட்டுணர்வு. இங்கே விலை வித்தியாசம் ஒளியவே முடியாது. டிஸ்ஸோவின் செயினில் மேற்பரப்பு முழுக்க நேர்கோட்டுத் தேய்ப்பு, விளிம்பில் மட்டும் ஒரு மெல்லிய கோடு கண்ணாடிப் பளபளப்பு. வெயிலில் கையைத் திருப்பினால் அந்தக் கோடு மட்டும் மின்னும். கண்ணிக்குக் கண்ணி இடைவெளி சீராக இருக்கும், கிளாஸ்ப் சத்தமில்லாமல் பூட்டும். சீக்கோவின் செயின் லேசானது, கையை உதறினால் கொஞ்சம் கலகலக்கும், பழைய வாட்ச் கட்டியவர்களுக்குப் பழக்கமான சத்தம்தான். முகக் கண்ணாடியும் அப்படியே. டிஸ்ஸோவில் சஃபயர், கிரானைட் மேஜையிலும் இரும்புக் கேட்டிலும் உரசினால் கேட்டில்தான் கோடு விழும். சீக்கோவில் ஹார்ட்லெக்ஸ் என்ற கடினப்படுத்திய கண்ணாடி, இரண்டு வருடத்தில் மெல்லிய கீறல் வரும்.

துல்லியத்தில் மட்டும் பணம் பெரிதாகப் பேசாது. 4ஆர்36க்கு சீக்கோ தருகிற வரம்பு நாளுக்கு 45 விநாடி முந்தலாம், 35 விநாடி பிந்தலாம் என்பது. நடப்பில் அதைவிட ஒழுங்காகவே ஓடும். என்றாலும் வரம்பின் ஓரத்தில் ஓடுகிற ஒன்று கிடைத்தால் வாரத்துக்கு ஐந்து நிமிடம் போய்விடும். டிஸ்ஸோ பெரும்பாலும் இதைவிட நெருக்கமாக ஓடும். ஆனால் ஆயிரம் ரூபாய்க் குவார்ட்ஸ் வாட்ச் மாதத்துக்கே பதினைந்து இருபது விநாடிதான் பிசகும் என்பதால், இந்தப் போட்டியில் இரண்டுமே தோற்றவைதான். விநாடி முள்ளின் ஓட்டத்திலும் வித்தியாசம் இல்லை. இரண்டும் மணிக்கு 21,600 துடிப்பு, அதாவது விநாடிக்கு ஆறு. பவர்மேட்டிக்கின் மூதாதையான ஈ.டி.ஏ. 2824 மெஷின் 28,800 துடிப்பு கொண்டது. வேகத்தைக் குறைத்து, ஸ்பிரிங்கை நீளமாக்கித்தான் அந்த 80 மணி நேரத்தைப் பிடித்திருக்கிறார்கள். வழுவழுவென்று நகரும் முள்ளைக் கொடுத்து ஒரு வாரக்கடைசியை வாங்கியிருக்கிறார்கள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் நாட்கள் கூடிவிட்ட பிறகு இது நல்ல பேரம் என்றே சொல்ல வேண்டும். கீபோர்டில் விரல் ஓடினால் வாட்ச் முறுக்காது. முழங்கை அசைய வேண்டும்.

தரமணி வாழ்க்கைக்கு இன்னொரு பகை காந்தம். லேப்டாப் மூடியில் காந்தம், டேப்லெட் உறையில் காந்தம், இயர்போன் டப்பாவில் காந்தம், கைப்பையின் பொத்தானிலும் காந்தம். வாட்சின் முடிச்சுருள் ஸ்பிரிங்கில் காந்தம் ஏறிவிட்டால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி, வாட்ச் திடீரென்று நாளுக்குச் சில நிமிடம் முந்தி ஓடும். கெட்டுவிட்டது என்று நினைத்து சர்வீசுக்குக் கொடுப்பவர்கள் உண்டு. செல்போனில் திசைகாட்டிச் செயலியைத் திறந்து வாட்சை மெல்ல அருகே கொண்டுபோனால் போதும். முள் துள்ளினால் விஷயம் அதுதான். காந்தம் இறக்கும் சின்னப் பெட்டி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, அரை நிமிட வேலை. டிஸ்ஸோவில் இந்தச் சுருளை நிவாக்ரான் என்ற டைட்டானியக் கலவையில் செய்கிறார்கள், காந்தம் அதைச் சீக்கிரம் தொடாது. நாளெல்லாம் லேப்டாப் மேல் மணிக்கட்டை வைத்திருப்பவருக்கு, 80 மணி நேரத்தைவிட இதுவே பெரிய லாபமாக இருக்கலாம். விளம்பரத்தில் ஏனோ இதை அவ்வளவாக எடுத்துச் சொல்வதில்லை.

பழுது என்று வந்துவிட்டால் ஆட்டம் சீக்கோ பக்கம் திரும்பும். 4ஆர்36 மெஷினின் உடன்பிறப்பு என்.ஹெச்.36 என்ற பெயரில் சந்தையில் தனியாகவே விற்கிறது. உலகம் முழுக்கச் சிறு நிறுவனங்கள் அதை வாங்கித் தங்கள் வாட்சுக்குள் வைக்கின்றன. பத்து வருடம் கழித்து மெஷின் தேய்ந்தாலும், சில ஆயிரம் ரூபாயில் புது மெஷினை வாங்கி, மயிலாப்பூரிலோ தி.நகரிலோ ஒற்றைக் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எந்த நல்ல மெக்கானிக்கிடமும் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். பவர்மேட்டிக்கில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வழக்கமான நெம்புகோல் கிடையாது. ஆலையிலேயே அளந்து பூட்டி அனுப்புகிறார்கள். தெருமுனைக் கடையில் திறந்து தட்டிவிடும் ரகம் அல்ல அது. நிறுவனத்தின் சர்வீஸ் மையம்தான் கதி, அங்கே முழு மெஷினையே மாற்றிவிடுவதும் உண்டு. செயினும் அதே மாதிரி. சீக்கோவின் செயின் வேண்டாம் என்றால் சாதாரண வார் போட்டுக்கொள்ளலாம். பி.ஆர்.எக்ஸ். கேஸில் அதற்கென்றே வெட்டிய வார்தான் பொருந்தும். மே மாத வியர்வையில் ஒரு தோல் பட்டை எத்தனை நாள் தாங்கும் என்று தெரிந்த ஊரில் இது சின்ன விஷயமில்லை. எந்த வாட்சாக இருந்தாலும் செயினின் இடுக்கில் உப்பும் தூசியும் சேர்ந்து கறுத்துப்போகும். வாரம் ஒரு முறை, சாவி உள்ளே அழுந்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பழைய பல் துலக்கும் பிரஷும் சோப்புத் தண்ணீரும் கொண்டு கழுவினால் போதும். இரண்டுமே 100 மீட்டர் தாங்குபவை.

இத்தனை செலவு எதற்கு, நிஜமான பழைய வாட்சையே வாங்கிவிடலாமே என்று தோன்றும். வாங்கலாம், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு. இணையத்தில் இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய்க்குப் பளிச்சென்ற நிறங்களில் வருகிற ஹெச்.எம்.டி.யும் சீக்கோ 5உம் பெரும்பாலும் டயலை மறுபடி வர்ணமடித்து ஒட்டுப்போட்டவை. எழுத்து லேசாகச் சாய்ந்திருக்கும், மணிக்கோடும் நிமிடக்கோடும் ஒன்றுக்கொன்று நேராக வராது, அந்த மாடலில் நிறுவனமே போடாத ஆரஞ்சும் கிளிப்பச்சையும் இருக்கும். சீக்கோ என்றால் பின்மூடியைப் பார்க்க வேண்டும். வரிசை எண்ணின் முதல் இலக்கம் தயாரித்த ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது இடம் மாதம். நவம்பருக்கு என், டிசம்பருக்கு டி. பின்மூடியில் 7009 என்று மெஷின் எண் பொறித்து, உள்ளே வேறு மெஷின் இருந்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடலாம். வீட்டு பீரோவில் கிடக்கும் தாத்தாவின் காஞ்சன் என்றால் கதை வேறு. அதை முதலில் ஒரு நல்ல மெக்கானிக்கிடம் கழுவி எண்ணெய் போடக் கொடுப்பது, இந்தக் கட்டுரையில் வரும் எந்த வாட்சை வாங்குவதையும்விட உருப்படியான செலவு.

புதியதுதான் வேண்டும், ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்பவருக்கு சீக்கோவையே சொல்லத் தோன்றுகிறது. பழைய வாட்ச் என்று நாம் எதை நினைத்துக்கொள்கிறோமோ, அந்த அளவு, அந்தக் கலகலப்பு, ஞாயிறு மதியம் நின்றுபோகும் அந்தக் குணம் எல்லாம் அதில் இருக்கிறது. தெருவுக்கு ஒருவர் பழுது பார்ப்பார். டிஸ்ஸோ பழைய உடுப்பில் வந்த இன்றைய வாட்ச், அந்த உடுப்பு அதற்குக் கச்சிதமாகவும் இருக்கிறது. ஏற்கெனவே ஒரு வாட்ச் இருந்து, இரண்டாவதைக் கல்யாணத்துக்கும் முக்கியமான மீட்டிங்குக்கும் கட்ட நினைக்கிறவர், 35 மில்லிமீட்டரை ஒரு முறை கட்டிப் பார்த்துவிட்டுக் கழற்ற மனம் வராமல் நிற்பார்.

அவசரமில்லாதவர்கள் கொஞ்சம் பொறுக்கலாம். சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு நாடுகளோடு இந்தியா செய்துகொண்ட வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. சுவிஸ் வாட்ச் மீதான 20 சதவீத அடிப்படைச் சுங்க வரி அதன்படி ஏழு ஆண்டுகளில் படிப்படியாக இல்லாமல் போகும். 18 சதவீத ஜி.எஸ்.டி. அப்படியே இருக்கும். குறைந்த வரி விலைப்பட்டியலில் எவ்வளவு இறங்கும் என்பது நிறுவனங்களின் கையில்.

வேளச்சேரி மாலில் வாங்கினாலும் அண்ணா சாலையில் வாங்கினாலும் மூன்று வேலைகளைக் கடையிலேயே முடித்துவிட வேண்டும். உத்தரவாத அட்டையில் தேதியோடு முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. வரிசை எண் பில்லிலும் ஏறியிருக்கிறதா என்று சரிபார்ப்பது இரண்டாவது. கைக்குத் தக்கபடி செயினைக் குறைக்கும்போது கழற்றிய கண்ணிகளையும் பின்களையும் கேட்டு வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொள்வது மூன்றாவது. பி.ஆர்.எக்ஸ். கண்ணியைப் பிற்பாடு தனியாக வாங்கப் போனால்தான் அதன் விலை தெரியும்.